காட்டிக் காட்டிக் கெட்ட தூள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல பொருள் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதை நாலு பேரிடம் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. விழுந்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்த பிள்ளை என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை வளர்ந்தான், படித்தான், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்டான். தீப்பெட்டி கண்ணாடிக் குப்பியானது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

குப்பிக்குள் இருந்தது வெள்ளைத் தூள். பார்த்தால் மைதா மாவு. ஆனால் யாராவது அதைத் தூள் என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். படிகம் என்று திருத்துவேன். துத்தநாகத்தை மூலைக்கல்லாகவும் கரிமக் குச்சிகளை உத்தரமாகவும் வைத்துத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் சட்டகம் அது. உள்ளே பூராவும் குட்டிக் குட்டி அறைகள். ஒரே அளவு, ஒரே வடிவம், எல்லாம் காலி. காலியாக இருப்பதில்தான் அவற்றின் மதிப்பே இருக்கிறது. கட்டும்போது உள்ளே தங்கிவிடும் கரைப்பானைக் கழுவி, சூடாக்கி, பம்பு வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தேன். என் கூத்தெல்லாம் அதற்குப் பிறகு.

“இந்த ஒரு ஸ்பூனுக்குள்ள ஒரு கால்பந்து மைதானம் இருக்கு” என்பேன், ஆய்வகத்துக்கு யார் வந்தாலும். அறைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் அவ்வளவு பரப்பு வரும். சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவேன். வழி தவறி வந்த கூரியர்காரர் கூடத் தப்பியதில்லை. என் மாமியார் ஒருநாள் வந்திருந்தார். ஸ்பூனை உற்றுப் பார்த்தார்.

“மைதானத்தை வெளியில எடுத்து விட்டா புள்ளைங்களாவது விளையாடும், மாப்பிள்ளை” என்றார்.

பிறகு மகளைத் தனியாக அழைத்துப்போய், “இதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க?” என்று கேட்டார். தனியாக என்றால், எனக்குக் கேட்கிற அளவுக்குத் தனியாக. ஆய்வகத்தில் எனக்குக் ‘கண்காட்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்தத் தூளை வைத்து நான் செய்துகொண்டிருந்தது இதுதான். எலுமிச்சை மணமுள்ள எண்ணெய் ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறு நீளமானது. தன் தலையைத் தன் வாலோடு கோத்துக்கொண்டு வளையமாகிவிட்டால் அதற்குப் புதினா மணம் வந்துவிடும். சும்மா குடுவையில் விட்டால் லேசில் வளையாது. உலோகம் ஏதாவது தூண்டிவிட்டால் வளையும். ஆனால் நாலு விதமாக வளையும், நமக்கு வேண்டியது அதில் ஒன்றுதான். இதையே ஒரு சின்ன அறைக்குள் அடைத்துவிட்டால்? நெரிசலான பஸ்ஸில் ஏறியவன் தன் இஷ்டத்துக்கு நிற்க முடியாது; இடம் எப்படி விடுகிறதோ அப்படித்தான் நிற்பான். மூலக்கூறும் அப்படித்தான். வெளியே ஒரு மாதிரி நடந்துகொள்வது, அடைபட்டால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எந்த மாதிரி என்பதுதான் என் கேள்வி.

என் எண்ணெய் வளைந்தது. வளைந்தது என்றால் போதாது, பறந்தது. வேண்டிய வடிவம் மற்ற மூன்றையும்விடத் தூக்கலாக வேறு வந்தது. இன்னொரு அதிசயமும் நடந்தது. அதே குப்பியிலிருந்து எடுக்க எடுக்க, நாளாக நாளாக, வேகம் கூடிக்கொண்டே போனது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், “முதல்ல உங்க குப்பியைப் பாருங்க” என்று மூக்கை உடைத்து அனுப்பியிருப்பேன். நம் சொந்தச் சரக்கு என்றால் மட்டும் அறிவு விடுப்பு எடுத்துக்கொள்கிறது. படிகம் பக்குவப்படுகிறது என்று எல்லோரிடமும் விளக்கினேன். பக்குவமாம்! அடுப்பில் வைத்த பாலைப் பற்றிச் சொல்கிறவன் கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்வான்.

என் மனைவிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. நான் கீழ்த்தளத்தில் கையை நனைக்கிறவன். அவள் மேல்மாடியில் கணினியில் கணக்குப் போடுகிறவள். அறைக்குள் போன மூலக்கூறு எப்படிப் புரண்டு படுக்கும், எந்தச் சுவரில் முட்டும், வளைய எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதையெல்லாம் எண்ணாகச் சொல்லிவிடுவாள். என் வேகத்தைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். சில வாரங்கள் கழித்து அவள் கணக்கும் அதே வேகத்தைச் சொன்னது. சோதனையும் கணக்கும் பொருந்திவிட்டன! தலைகால் புரியவில்லை எனக்கு. மேல்மாடியில் இருந்தவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்து, குப்பியையும் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன்.

அவளுடைய வேலை தற்காலிகமானது. வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டே வந்தவர்கள், இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. அதற்கு, துறை முழுவதும் உட்கார்ந்து கேட்க, தேர்வுக் குழுவின் முன்னால் அவள் பேச வேண்டும். பேச்சின் உயிரே இந்தக் கணக்குதான். கிடைத்தால் அதே மேல்மாடி. கிடைக்காவிட்டால் அவள் வேறு ஊரில் வேலை தேட வேண்டும், அல்லது இத்தனை வருஷம் படித்ததை மூட்டை கட்டி வைக்க வேண்டும். அவள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் ஸ்லைடைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவருக்கு ‘வடிகட்டி’ என்று பட்டப்பெயர். யார் எந்தச் சட்டகத்தைப் பற்றிப் பேசினாலும், “நடுவுல வடிகட்டிப் பாத்தீங்களா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். வேதிவினை ஓடிக்கொண்டிருக்கும்போதே படிகத்தை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். வினை நிஜமாகவே அறைக்குள் நடக்கிறது என்றால், அறையை எடுத்ததும் நின்றுவிடும். நிற்காவிட்டால், அறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம்.

பேச்சுக்கு முந்தைய நாள் காலையில் அவள் கீழே இறங்கி வந்தாள்.

“நாளைக்கு அவர் கண்டிப்பா கேப்பாரு. வடிகட்டற சோதனை ஒண்ணு வேணும்னு எப்பவோ கேட்டேன்.”

“அதெல்லாம் ஒரு சடங்குப்பா. என்ன வரும்னு இப்பவே எழுதித் தர்றேன். நின்னுடும்.”

“எழுதித் தர வேணாம். செஞ்சு தா.”

செய்தேன். மேஜைமேல் இருந்த குப்பியைத் திறந்து, தூளை எண்ணெய்க் கரைசலில் போட்டு, கலக்கிக்கொண்டிருக்கும்போதே, எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கையிலேயே, சூட்டோடு வடிகட்டினேன். கண்ணாடி போலத் தெளிந்த கரைசல் கீழே இறங்கியது. ஒரு பொட்டுத் தூள் இல்லை. இனி இது சும்மா கிடக்கும் என்று நினைத்துக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து குடுவையைத் திறந்தால், எலுமிச்சை போய், குப்பென்று புதினா மணம்.

முதலில் வடிதாளைத் திட்டினேன். ஓட்டைத் தாள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள் வாங்கும் பிரிவையும் சேர்த்துத் திட்டினேன். அதைவிட நுண்ணிய வடிகட்டியை எடுத்து மறுபடி செய்தேன். மறுபடியும் புதினா. கலவையில் இருப்பதை வகைக்கொரு மேடாகப் பிரித்துத் திரையில் வரையும் பிரிப்புக் கருவியில் ஏற்றிப் பார்த்தேன். திரையில் நாலு மேடும் ஜம்மென்று வளர்ந்துகொண்டிருந்தன. படிகம் இல்லை, அறை இல்லை, சுவர் இல்லை. வினை மட்டும் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். செய்த அன்று ஐஸ் கட்டிபோல் விளிம்பு கூராக, ஊடுருவித் தெரிந்த கனசதுரங்கள் அவை. இப்போது ஒவ்வொன்றும் வெளுத்து, வெடித்து, பொரிந்து கிடந்தது. இந்தச் சட்டகத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை ஸ்பூனை நீட்டி மைதானம் காட்டியபோதும் ஈரக்காற்று உள்ளே குடிபுகுந்திருக்கிறது. தண்ணீர் உத்தரத்தைப் பிடுங்கியிருக்கிறது, மூலைக்கல் கழன்றிருக்கிறது. கழன்ற துத்தநாகம் கரைசலில் இறங்கி, நட்டநடு வெளியில், சுவரும் கதவும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு எண்ணெயை முறுக்கித் தள்ளியிருக்கிறது. காட்டக் காட்ட இடிந்தது, இடிய இடிய வேகம் கூடியது. இதற்குத்தான் நான் பக்குவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அடைபட்டால் மூலக்கூறு எப்படி மாறும் என்று கூரியர்காரர் வரைக்கும் விளக்கியிருக்கிறேன். என் மூலக்கூறு ஒருநாளும் அடைபடவே இல்லை.

உடனே மாடிக்கு ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இதை எப்படிப் பூசி மெழுகலாம் என்று யோசித்தேன். நேரம் போதவில்லை என்று சொல்லலாம். கருவி பழுது என்று சொல்லலாம். கருவி பக்கத்திலேயே நின்று நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியில் என்னை எழுப்பியது நேர்மை அல்ல, பயம். நாளை வடிகட்டி அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மேடையில் நின்று திருதிருவென விழிக்கப்போவது நான் இல்லை, அவள். அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மேலே அவள் ஸ்லைடுகளை ஓட்டிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன்.

“நிக்கலை” என்றேன்.

“எது?”

“வினை. வடிகட்டின பிறகும் ஓடுது. நல்லாவே ஓடுது.”

நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடியிருக்காது. “மேஜை மேல இருக்கற குப்பியா?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் புரிய வேறெதுவும் தேவைப்படவில்லை.

“ஆமா.”

“அதை எத்தனை பேருக்குத் திறந்து காட்டியிருப்பே?”

“உங்கம்மாவுக்குக் கூட” என்றேன் அசடு வழிய. அவள் சிரிக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நான் மன்னிப்பை ஆரம்பித்தேன்; என் மன்னிப்புகள் நீளமானவை, முன்னுரையெல்லாம் உண்டு. அவள் கையை எடுத்தாள். கண் கலங்கித்தான் இருந்தது.

“என்னோட முதல் கணக்கு வேற சொல்லிச்சு.”

“எந்த முதல் கணக்கு?”

“உன்கிட்ட காட்டாதது. அறைக்குள்ள போனா மெதுவாத்தான் நடக்கும்னு வந்துச்சு. ரொம்ப மெதுவா. உள்ள ஒரு பக்கமாத்தான் படுக்க முடியுது, அப்படிப் படுத்தா வால் தலைக்கு எட்டறதே பெரும்பாடு. ஆனா எட்டினா ஒரே வடிவம்தான். நாலெல்லாம் கிடையாது. ஒண்ணே ஒண்ணு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ பறக்குது பறக்குதுன்னு படியேறி வந்தே. நான் சுவரைத் தளர்த்திட்டேன்.”

அறையின் சுவர் எவ்வளவு நெகிழும் என்பதற்கு அவள் கணக்கில் ஓர் எண் உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் மூலக்கூறுக்குப் புரள இடம் கிடைக்கும், வேகமும் கூடும். என் வேகத்தைத் தொடும் வரை கூட்டியிருக்கிறாள். சோதனையும் கணக்கும் பொருந்திய கதை இதுதான். அதற்குத்தான் நான் மாடி முழுக்கக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

“ஏன் சொல்லலை?”

“நீ கண்ணால பாத்தது. நான் திரையில பாத்தது. நீதான் சரியா இருப்பேன்னு நெனச்சேன். அவ்வளவு உறுதியா நின்னே. அப்புறம், அவ்வளவு சந்தோஷமா வேற இருந்தே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தூள் கெட்டதற்கு இல்லை. தூள் போனால் இன்னொரு தூள். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டவள், என் சத்தத்தைக் கேட்டுத் தன் கணக்கைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கிறாள். என்மேல் அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபம் அவள்மேலேயே இருந்தது.

“அதே சரக்குல சீல் பண்ணின குழாய் ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. தூள் செய்த அன்றே பாதியைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு, வாயை உருக்கி மூடி, உலர்ந்த வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மூடிய குழாயை யாருக்கும் திறந்து காட்ட முடியாது என்பதால் அதன்பின் அவற்றை நான் தொடவே இல்லை.

இருவரும் கீழே இறங்கினோம். பெட்டியின் சுவரில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, உள்ளேயே குழாயை உடைத்தேன். அவள் தோளுரசி நின்று பார்த்தாள். தூள் கண்ணாடித்துகள்போல் மின்னியது. “பாத்தியா, ஒவ்வொரு அறையும்…” என்று என் வாய் தானாக ஆரம்பித்தது.

“பேசாம செய்” என்றாள்.

பேசாமல் செய்தேன். எண்ணெயையும் கரைப்பானையும் உலர்த்தி உள்ளே அனுப்பி, கலக்கவிட்டு, சாயங்காலம் பாதியை மட்டும் வடிகட்டித் தனியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை பெட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கருவியில் ஏற்றினேன். எலுமிச்சை மேடு மலைபோல் அப்படியே நின்றது. முழு இரவில் கொஞ்சூண்டுதான் மாறியிருந்தது. அந்தக் கொஞ்சூண்டு ஒரே ஒரு மேடாக, ஒல்லியாக, தனியாக எழுந்து நின்றது. மற்ற மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு கிடந்தது. நேற்றே வடிகட்டி வைத்த பாதியையும் ஏற்றினேன். அந்தத் தெளிந்த கரைசல் இரவு முழுக்க அசையவே இல்லை. நின்றுவிட்டது.

“மெதுவா” என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

“ரொம்ப மெதுவா” என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்லைடுகளை மாற்ற ஓடினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கருத்தரங்க அறையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் முதல் கணக்கிலிருந்து ஆரம்பித்தாள். அடைத்தால் வேகம் கூடும் என்றுதான் எல்லோரும் ஆசைப்படுகிறோம், இந்த அறை வேகத்தைக் குறைக்கிறது, பதிலுக்கு மூலக்கூறு எந்த வடிவம் எடுக்கலாம் என்பதை அறையே முடிவு செய்கிறது என்றாள். காலையில் வந்த ஒற்றை மேட்டைக் காட்டினாள். பதற்றமே இல்லை. வடிகட்டி கையைத் தூக்கினார்.

“நடுவுல வடிகட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தோம் சார். முதல்ல நிக்கலை.”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கூட நிமிர்ந்தார்கள். ஈரம், இடிந்த சட்டகம், வெளியே வந்த துத்தநாகம், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

“அந்தச் சோதனையைச் செஞ்சது யாரு?” என்றார் வடிகட்டி.

அவள் ஸ்லைடின் பக்கம் திரும்பினாள். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கையைத் தூக்கினேன். அறை முழுக்கத் தலைகள் திரும்பின.

“குப்பியை எங்க வெச்சிருந்தீங்க?”

“மேஜை மேல சார்.”

“மூடியா?”

“மூடித்தான் சார். நடுநடுவுல திறந்து.”

சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்வரிசைக்கு வந்து சேர்ந்தது. ஸ்பூனை மூக்கருகே பார்த்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். ஒவ்வொருவரும் சிரித்ததில் ஒரு நியாயம் இருந்தது. வடிகட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

“உங்க முதல் கணக்கு சரியா இருந்திருக்கு. அதை ஏம்மா மாத்தினீங்க?”

சிரிப்பு அடங்கியது. நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“சோதனையை நம்பின அளவுக்கு என்னை நம்பலை சார்” என்றாள். “ரெண்டுல எது தப்புன்னு அப்பவே நின்னு கேட்டிருக்கணும். கேக்கலை. அது அவர் தப்பு இல்லை, என் தப்பு. இனிமே கேப்பேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். மத்தியானம் முழுக்க அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நாங்கள் வெளியே ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் வடிகட்டி வெளியே வந்து அவளுக்குக் கைகொடுத்தார். இடம் அவளுக்குத்தான். முதல் கணக்கைவிட, நிற்காத சோதனையை அவள் மறைக்காமல் சொன்னதுதான் குழுவுக்குப் பிடித்தது என்றார். எனக்கும் கைகொடுத்தார், எதற்கென்று சொல்லவில்லை.

அவர் போனதும் அவள் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. நான் எதிரே நின்றேன். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நேற்றிலிருந்து ஒன்று உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் முடியவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும். நான் சத்தமா சொன்னேங்கறதுக்காக, நீ சரின்னு நெனச்சதை வேற எப்பெல்லாம் மாத்திக்கிட்டே?”

விளையாட்டாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள்.

“வேதியியல்லயா, மொத்தமாவா?” என்றாள்.

“மொத்தமா” என்றேன்.

அவள் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தாள்.

“அப்ப உக்காரு. நேரமாகும்.”

உட்கார்ந்தேன்.